அயனி வெளியேற்றம்

உயர் வளிமண்டலத்து அணுக்கள் சூரியனின் புற ஊதாக் கதிரால் எலெக்ட்ரானை இழந்து அயனிகளாகி, கோளின் ஈர்ப்பை மீறி விண்வெளிக்குப் போய்விடுவது அயனி வெளியேற்றம் எனப்படும். காந்தப்புலம் உள்ள கோளில் இந்த இழப்பு நடக்காது என்ற எண்ணம் பரவலானது. மும்பையின் வானத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். தாராவிக்கும் செம்பூருக்கும் மேலுள்ள காந்தக் கோடுகள் தெற்கே உயர்ந்து, காந்த நடுக்கோட்டைக் கடந்து, இந்தியப் பெருங்கடல் பக்கம் மறுபடி பூமிக்குள் இறங்குகின்றன. அயனி அந்தக் கோட்டைச் சுற்றிச் சுழலும். குறுக்கே எளிதில் தாண்டாது. நடுக்கோட்டை ஒட்டிய திருநெல்வேலிக்கு மேலே பகல்நேர மின்புலம் அயனிகளைப் பல நூறு கிலோமீட்டர் தூக்குகிறது. அப்போதும் அவை தப்புவதில்லை. கோடுகள் வழியே இருபுறமும் சரிந்து, வடக்கே அகமதாபாத், போபால் பக்கம் அடர்கின்றன.

துருவங்களில் நிலைமை வேறு. அங்கே கோடுகள் பூமிக்குத் திரும்பாமல் விண்வெளியில் நீள்கின்றன. 2022இல் ஸ்வால்பார்டிலிருந்து ஏவிய நாசாவின் எண்டூரன்ஸ் ராக்கெட் அங்கு 0.55 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டை அளந்தது. ஹைட்ரஜன் அயனியை வெளியேற்ற இதுவே போதும். ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 10 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். மீதியைத் துருவ ஒளி மண்டலத்து மின்னோட்டங்களும் அலைகளும் தருகின்றன. ஆகவே காந்தப்புலம் ஓரிடத்தில் அடைக்கிறது, வேறிடத்தில் திறக்கிறது. சூரியக் காற்றின் ஆற்றலைப் பரந்த பரப்பில் வாங்கித் துருவங்களில் குவிப்பதும் அதுதான்.

புலத்தை இழந்த செவ்வாய் காற்றையும் இழந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் செவ்வாயின் விடுபடு வேகம் நொடிக்கு 5 கிலோமீட்டர், பூமியில் 11.2. அங்கே மின்னேற்றமில்லாத அணுக்களும் பெருமளவில் தப்புகின்றன. உள்ளிருந்து எழும் புலமே இல்லாத வெள்ளியோ பூமியைப் போல 90 மடங்கு அழுத்தமுள்ள காற்றைத் தாங்கி நிற்கிறது. பூமியைவிட்டு எழும் ஆக்சிஜன் அயனிகளில் ஒரு பகுதி இரவுப் பக்கம் நீண்டு கிடக்கும் புலமான காந்த வாலிலிருந்து திரும்பிவிடுகிறது என்ற மறுப்பு இன்னும் வலுவானது. எவ்வளவு திரும்புகிறது என்பதில்தான் இன்றைய விவாதம் நிற்கிறது.

இந்தக் கணக்கில் காந்தப் புயல்களை விட்டுவிடக் கூடாது; அப்போது ஆக்சிஜன் வெளியேற்றம் பல மடங்கு கூடுகிறது. அத்தகைய ஒரு புயலில், 1859 செப்டம்பர் 2 அன்று மும்பை கொலாபா ஆய்வகத்தில் கிடைக்கோட்டுப் புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிந்தது. இளம் சூரியன் இன்றையதைவிடச் சீற்றம் மிக்கது என்பதால், அமைதியான நாளின் இழப்பைக் கோளின் வயதால் பெருக்கிப் பெறும் விடை உண்மைக்குக் குறைவாகவே இருக்கும்.