தேசநேசனும் தேசபக்தனும்: மலைநாட்டு மக்களின் முதற் பத்திரிகைகள்

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டை அடையும் பாதை, அங்கே இரண்டாகப் பிரிந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் செல்கின்றது. பாதையின் இருமருங்கும் தேயிலைத் தோட்டங்களே. இத்தோட்ட மக்களின் குறைகளைத் தன் பொருளாகக் கொண்ட முதற் பத்திரிகைகள் அட்டனிலன்று, கொழும்பிலேயே அச்சாயின. எனினும் அவற்றை மலைநாட்டுப் பத்திரிகைகள் என்றே கொள்ளல் வேண்டும். அச்சான ஊரைக் காட்டிலும் யாருக்காக அச்சாயின என்பதன்றோ பெரிது?

இவற்றை நடத்தியவர் தஞ்சாவூரைச் சேர்ந்த கோ. நடேசய்யர். அங்கே ஆசிரியராயிருந்து, 'வர்த்தக மித்திரன்' என்னும் இதழை நடத்தியவர். இலங்கைக்கு வந்த காலத்தில் அயலார் தோட்டத்தினுள் நுழைவது எளிதன்று. துரைமாரின் அனுமதியின்றி நுழைந்தோர் மீது வழக்குத் தொடரலாம். ஆதலின் அவர் புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குச் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பர்.

1921 ஆம் ஆண்டில் டாக்டர் ஈ. வி. ரத்தினத்துடன் சேர்ந்து 'தேசநேசன்' என்னும் தினசரியைத் தொடங்கினார். இலங்கையின் முதல் தமிழ்த் தினசரி இதுவே என்று ஆய்வாளர் குறிப்பர். அதே ஆண்டிற்றான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளியின் கடனைத் துண்டில் எழுதி, அக்கடனைத் தீர்ப்பவருக்கே அவனைக் கைமாற்றும் கொடிய வழக்கம் அது. சட்டம் மாறிவிட்டது, ஆனால் மாறியதை லயத்திலுள்ளவனுக்கு எடுத்துரைப்பவர் யார்? கங்காணியா? கடனால் ஆளைக் கட்டிவைத்திருந்தவரிடம் அதனை எதிர்பார்த்தல் வீண். மனிதன் புகமுடியாத இடத்திலும் தாள் புகும். எழுத்தறிந்த ஒருவன் இருந்தாற் போதும். அவன் வாசிக்கப் பலர் கேட்பர். இங்கேதான் பத்திரிகைக்கு வேலை இருந்தது.

1924 இல் 'தேசபக்தன்' தோன்றியது. சென்னையில் திரு. வி. கலியாணசுந்தரனார் 1917 இல் நடத்திய பத்திரிகையின் பெயரும் அதுவே. மறு ஆண்டில் நடந்த இடைத்தேர்தலில் வென்று நடேசய்யர் சட்ட நிரூபண சபையில் இடம்பெற்றார். 1927 ஆம் ஆண்டின் குறைந்த பட்சச் சம்பளச் சட்டத்தின் வழியே மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் நாட்சம்பளமாயின. தனக்குரிய தொகை இவ்வளவென்று அறியாதவன் குறைத்துக் கொடுப்பினும் கேளான். சட்டத்தை எளிய தமிழில் எழுதுவதே அந்நாளில் ஒரு போராட்டமாயிருந்தது.

தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் இணைந்து உழைத்த நடேசய்யர், அவர் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகப் பேசத் தலைப்பட்டதும் பிரிந்தார். மனைவியார் மீனாட்சியம்மாள் பத்திரிகைப் பணியிலும் பங்கேற்றார். மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாடல்கள் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். தோட்டப் பெண்களிடம் தலையங்கம் செல்லாத தூரம் அப்பாடல்கள் சென்றிருக்கும்.

1931 இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவாயிற்று. நடேசய்யரைத் தொழிற்சங்கவாதி எனக் கூறி, பத்திரிகையை அவர்தம் துணைத்தொழிலாகக் காட்டுவோர் பலர். ஆண்டுகளை நோக்கின் அக்கூற்று தலைகீழாகின்றது. பத்திரிகை 1921 இலேயே வந்துவிட்டது. சங்கமோ பத்தாண்டு கழித்தே வந்தது. வாசிக்கக் கேட்டவர்களே பின்னர்ச் சந்தா கட்டினர். 1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியவர்களிலும் அவர்கள் இருந்திருப்பர்.

குறையும் உண்டு. 'தோட்டத் தொழிலாளி', 'உரிமைப் போர்', 'சுதந்திரப் போர்', 'வீரன்' எனப் பல இதழ்களைத் தொடங்கிய அவர், எதனையும் தமக்குப் பின் நிலைக்கும் நிறுவனமாக அமைத்தாரில்லை. 1930 ஆகஸ்டு 6 ஆந் திகதி சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய 'வீரகேசரி' வணிக முறையில் நடந்து நிலைபெற்றது. நடேசய்யரின் தாள்கள் ஒரு மனிதரின் மூச்சில் நடந்தவை.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார், அவ்வாண்டிலேயே காலமானார். அடுத்த ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியபோது அவர் பேனா இல்லை. அவர் மறைந்து 41 ஆண்டுகள் சென்றபின், 1988 இல், மலைநாட்டு எழுத்தாளர் சாரல்நாடன் அவர் வரலாற்றை நூலாக்கினார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்'. பத்திரிகையின் பெயரே அதனை நடத்தியவரின் பட்டமாயிற்று.