தோணியும் கள்ளத்தோணியும்

கடல் கடந்த நாடுகளை ‘அக்கரைச் சீமை’ என்பது நம் கடற்கரை வழக்கு. இலங்கையைப் பொறுத்தவரை அச்சொல் மிகையன்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான்.

கீழக்கரை, காயல்பட்டினம் மரக்காயர்கள் அரிசியும் துணியும் ஏற்றிச் சென்று பாக்குடன் திரும்பினர். அவர்களுக்கு அது தலைமுறைத் தொழில். ஆனால் போர்த்துகீசியர் புகுத்திய அனுமதிச் சீட்டு முறையை, 1658இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி மேலும் இறுக்கியது. பாக்கிலும் சங்கிலும் முத்திலும் ஏகபோகம் நாடிய கம்பெனிக்கு, சீட்டின்றி ஓடிய தோணியெல்லாம் களவுத் தோணியே. கிழவன் சேதுபதியின் ஆதரவு பெற்ற பெரியதம்பி மரக்காயர் அதன் பார்வையில் பெரும் இடையூறு. அவரையே வள்ளல் சீதக்காதியென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கம்பெனி இடையூறாகக் கண்டவரைத் தமிழ்ப் புலவர்கள் கொடையாளராகப் போற்றினர்.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்தபின் இரு கரைப் போக்குவரத்து மேலும் எளிதாயிற்று. பிறகு எல்லை இறுகியது. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களுக்குப் பின் ‘கள்ளத்தோணி’ என்பது தமிழரை இழித்துரைக்கும் வசைச் சொல்லாகவே நிலைத்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் இனப்போரால் நின்றது. இதற்கிடையே 1974, 1976 உடன்படிக்கைகள் கடலின் நடுவே கோடு வரைந்தன.

சட்டத்தின் கோடு மாறும் விதத்துக்குக் கடலட்டை ஒரு சான்று. மன்னார் வளைகுடாவில் பல தலைமுறையாக எடுத்துப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யப்பட்ட அவ்வுயிரை 2001இல் இந்தியா பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தது. இலங்கையிலோ உரிமம் பெற்றோர் அதைப் பிடிக்கலாம். ஒரே கடலின் ஒரே பொருள், இக்கரையில் குற்றம், அக்கரையில் தொழில்.

இதனால் கடத்தலை நாம் நியாயப்படுத்தவில்லை. உடன்படிக்கையைப் பேணுவது மார்க்கத்தின் கட்டளை. அருகிவரும் உயிரைக் காப்பதும் பொறுப்பே. போதைப்பொருளைச் சுமக்கும் படகைப் பழைய பாக்குத் தோணியோடு ஒப்பிடவும் முடியாது. ஆயினும் கரையோர மக்கள் அனைவரையும் ஐயத்தோடு நோக்குவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: இக்கடலில் தோணி முந்தியது, ‘கள்ள’ என்னும் அடைமொழி பிந்தியது. அந்த வரிசையை மறந்து எழுதப்படும் வரலாறு, உழைத்து வாழ்ந்த ஒரு சமூகத்தின் நாணயத்தையே அழித்துவிடும்.