இடாப்பில் ஏறிய பெயர்

தேர்தற் காலம் நெருங்கும்போதெல்லாம் இந்நாட்டில் ஓர் ஐயம் கிளப்பப்படுவதுண்டு. புதிதாக வாக்களிக்க வருவோருக்கு அரசியல் விளங்குமா, அவர்கள் எளிதில் ஏமாற்றப்பட்டுவிடமாட்டார்களா என்பதே அந்த ஐயம். இன்று 18 வயது நிரம்பிய இளைஞரைக் குறித்து எழுப்பப்படும் இக்கேள்வி புதியதன்று. 1928ஆம் ஆண்டளவில் இந்நாட்டின் உழைக்கும் மக்கள் அனைவரையும் குறித்து இதே கேள்வி எழுப்பப்பட்டது. அதற்கு அம்மக்கள் தந்த விடை நமது சரித்திரத்தில் இருக்கின்றது. முதன்முறை வாக்களிக்கச் செல்வோர் அறிந்துகொள்ள வேண்டிய முதற்பாடமும் அதுவே.

சட்டநிரூபண சபை 1833இல் தோன்றியது. ஆயினும் தேர்தல் என்ற பெயருக்கு இலங்கையர் ஒருவர் அதில் இடம்பெற 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘படித்த இலங்கையர்’ என்போருக்கென ஒதுக்கப்பட்ட அந்த ஒரே ஆசனத்தைப் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். வாக்களிக்கும் தகுதி பெற்றிருந்தோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 3,000 பேரே. பின்வந்த சீர்திருத்தங்கள் வாசலைச் சற்று அகலத் திறந்தன. எனினும் சொத்து, வருமானம், கல்வி என்னும் காவலர் அவ்வாசலில் நின்றனர். 1920களின் இறுதியிலும் மக்கட்டொகையில் நூற்றுக்கு 4 பேரளவிலேயே வாக்காளராக இருந்தனர். அவர்களில் ஒரு பெண் தானும் இல்லை.

1927 நவம்பரில் டொனமூர்ப் பிரபுவைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழு இங்கு வந்திறங்கியது. அப்பொழுது நமது தலைவர்களின் உள்ளக்கிடக்கை வெளியாயிற்று. தமக்கு அதிக அதிகாரம் வேண்டுமென அந்நியனிடம் வாதாடிய இலங்கைத் தேசிய காங்கிரஸ், தம் நாட்டு ஏழைக்கு வாக்கு வேண்டுமென வாதாடவில்லை. இராமநாதனும் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். எழுத்தறியாதவன் வாக்களிக்கத் தகுதியற்றவன் என்பது அவர்கள் கூறிய காரணம். வயலில் உழுபவனும் மரத்தில் ஏறுபவனும் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனும் தம்மோடு சரிசமமாக ஒரு வாக்கைப் பெறுவதா என்ற அச்சமே அக்காரணத்தின் பின்னால் நின்றது.

மறுபுறத்தில் நின்றோர் சிலரே. தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா அனைவருக்கும் வாக்குக் கேட்டார். 1927 டிசம்பரில் கொழும்பில் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் ஆணைக்குழு முன் சென்றது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்கிறீர்களா என்று டொனமூர் வினவியபோது, அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்குமே கேட்கிறோம் என்ற கருத்துப்பட அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். வசதியுள்ள குடும்பத்துப் பெண்ணொருவர் கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தம்மிலிருந்து பிரிக்க மறுத்த அந்தக் கணம் நினைவுகூரத் தக்கது.

ஆணைக்குழுவினர் வேறொன்றையும் கண்டனர். தொழிலாளருக்கும் வறியோருக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டங்கள் இந்நாட்டில் மிகவும் பிற்பட்ட நிலையில் இருந்தன. வாக்கில்லாதவனுடைய துயரைச் சட்டஞ் செய்வோர் பொருட்படுத்துவதில்லை என்பதே அதன் காரணம். ஆகவே கல்வி பெற்ற பின்பு வாக்கு என்ற வாதத்தை அவர்கள் ஏற்கவில்லை. பெண்களுக்கு வயதெல்லை 30 என அவர்கள் விதந்துரைத்தனர். முடிவில் ஆண் பெண் இருபாலாருக்கும் அது 21 ஆயிற்று. பிரித்தானியப் பெண்கள் ஆண்களோடு சமமான வாக்குரிமை பெற்றது 1928இல். இலங்கைப் பெண்கள் அதனைப் பெற்றது 1931இல்.

1931 ஜூன் மாதத்தில் அரசாங்க சபைத் தேர்தல் நடைபெற்றது. வாக்காளர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களுட் பெரும்பாலோர் வாக்குச்சாவடியை முன்பு கண்டறியாதவர்கள். எழுத்தறியாதவன் எவ்வாறு வாக்களிப்பான் என்ற கேள்விக்கு நிறங்கள் விடை தந்தன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் வழங்கப்பட்டது. அந்நிறப் பெட்டியில் வாக்குத் தாளை இட்டால் போதும். தாளைப் பெட்டியில் இடாமல் மறைத்துக் கொண்டுவந்து விற்பதற்கும் இம்முறையில் வழியுண்டு. ஆனால் அத்தாளை விலைபேசியவன் எழுத்தறியாதவன் அல்லன். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நிறங்களின் இடத்தைச் சின்னங்கள் பெற்றன.

மலைநாட்டில் நிறத்தை அறிவதன் முன் கடக்க வேண்டிய தடை வேறொன்றிருந்தது. இடாப்பில் பெயர் ஏற வேண்டும். தோட்டத் தொழிலாளி இலங்கையே தனது நிலையான வாழ்விடம் என்று காட்ட வேண்டும். அல்லது எழுத்தறிவும் சொத்து வருமானத் தகுதியும் உடையவனாயிருக்க வேண்டும். அல்லது ஐந்தாண்டு வதிவைக் காட்டி, இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணமுண்டெனக் கூறி அத்தாட்சிப் பத்திரம் பெற வேண்டும். லயத்து அறையைத் தவிர வேறு முகவரியற்ற மனிதனிடம் இவை கேட்கப்பட்டன. அந்த மக்களிடையே அரசியல் விழிப்பை ஊட்டியவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். அந்நியர் நுழையத் தடைசெய்யப்பட்ட தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாக வேடம் பூண்டு சென்றவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். புதிய வாக்காளரைத் தயார் செய்தல் என்பது அன்று இவ்வாறு நடந்தது. 1936இல் அட்டன் தொகுதி மக்கள் நடேசய்யரைத் தமது பிரதிநிதியாக அனுப்பினர்.

யாழ்ப்பாணத்திலோ நிலைமை வேறு. பூரண சுயராச்சியமன்றி வேறெதனையும் ஏற்பதில்லை என்ற இலட்சியத்தோடு வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கோரிற்று. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை. சாதிப் பிரிவினையையும் வகுப்புவாதத்தையும் எதிர்த்த அந்த இளைஞரின் தூய்மையை ஐயுறுவதற்கில்லை. எனினும் ஒடுக்கப்பட்டவன் வாழ்நாளில் முதன்முறை பெற்ற வாக்கை அவனிடம் கேளாமலே மூன்றாண்டுக்கு மூடி வைத்த செயலாகவும் அது முடிந்தது. 1934இல் இடைத்தேர்தல்கள் நடந்த பின்னரே அவ்வாசனங்கள் நிரப்பப்பட்டன.

மக்கள் தகுதியற்றவர் என்ற வாதத்தைக் காலம் பொய்யாக்கிற்று. வாக்குக் கேட்டு வந்தவர்கள் பள்ளிக்கூடத்தையும் வைத்தியசாலையையும் பற்றிப் பேச வேண்டியவரானார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தது. வாக்குக்குத் தகுதியாகக் கல்வியைக் கேட்டார்கள் பிரபுக்கள். அந்தக் கல்வியைக் கொண்டு வருவதற்கு ஏழையின் வாக்கே துணைநின்றது.

ஆனால் இச்சரித்திரத்தின் மறுபாதி கசப்பானது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலைநாட்டு மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு பல தொகுதிகளில் அவர்களது வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குச் சென்றது. அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த மக்களின் குரல் பாராளுமன்றத்தில் இல்லை. வாக்களிக்கத் தெரியாதவர்கள் என்பதனால் அவர்கள் நீக்கப்படவில்லை; தம் நலன் எதுவென அறிந்து வாக்களித்ததனாலேயே நீக்கப்பட்டனர். 1964இல் இரு பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் அம்மக்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்த பின்னரே நாடற்றோர் என்ற நிலை நீங்கிற்று. இளமையில் கிடைத்திருக்க வேண்டிய முதல் வாக்கை நரைத்த தலையோடு அளித்தவர்கள் நம்மிடையே உண்டு.

1959இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. இன்று முதன்முறை வாக்களிக்கும் இளைஞனுக்கும் யுவதிக்கும் உதவ விரும்புவோர் செய்யக்கூடியவை சில. முதலாவது, பெயர் இடாப்பில் உள்ளதா என்று பார்க்கச் செய்தல். தோட்டத்திலிருந்து நகரத்துக் கடைக்கு வேலைக்குச் சென்றவனுக்கும், போரினால் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் இதுவே பெரிய காரியம். இரண்டாவது, முறையைக் கற்பித்தல். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என விருப்பு வரிசையை இடலாம். 2024இல் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணப்பட்டபோது அதன் பெறுமதி தெரிந்தது. பாராளுமன்றத் தேர்தலில் முதலிற் கட்சிக்கு அடையாளமிட்டு, அதன்பின் மூன்று வேட்பாளர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். மூன்றாவது, வாக்கு இரகசியமானது என்பதை உறுதியாக உணர்த்துதல். முதலாளியோ தந்தையோ தலைவரோ அறிய முடியாத ஒரு நிமிடம் அவர்களுக்கு உண்டு.

யாருக்கு வாக்களிப்பது என்பதை மட்டும் நாம் கற்பிக்க வேண்டியதில்லை. 1931இல் நிறப்பெட்டியின் முன் நின்றவனுக்கு அது தெரிந்திருந்தது; இவர்களுக்கும் தெரியும். இடாப்பில் ஏறிய பெயரை எவரும் அழித்துவிடாமற் பார்த்துக்கொள்வதே நமது பொறுப்பு.