விற்பனை வழி: சிங்கர் தையல் இயந்திரம்

ஆலையில் உருவான பொருள் யார் யார் கைமாறி வாங்குபவரைச் சேர்கிறது என்பதே விற்பனை வழி. முகவரிடம் ஒப்படைப்பதா, சொந்தக் கடை திறப்பதா, ஆளனுப்பி வீட்டு வாசலில் விற்பதா என்ற தேர்வு ஒரு நிறுவனத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். அதற்குச் சரியான சான்று சிங்கர்.

தையல் இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் 1846இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஐசக் சிங்கர் தம் காப்புரிமையைப் பெற்றது 1851இல். போட்டியாளர்கள் பலர்; தரத்தில் அவர்களும் குறைந்தவர்கள் அல்லர்.

தொடக்கத்தில் சிங்கர் நிறுவனம், ஊர் ஊராக விற்கும் உரிமையைப் பிறருக்கு விற்றது. உடனடிப் பணம் கிடைத்தது; ஆனால் விலையும் விற்பனையும் கையை விட்டுப் போயின. தையல் இயந்திரமோ உப்பு, புளி போலக் கொடுத்துவிட்டு மறந்துவிடும் சரக்கன்று. நூல் கோக்கக் கற்றுத்தர வேண்டும். பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். ஒரே தவணையில் பணம் கட்ட முடியாதவருக்குக் கடனும் வேண்டும். இம்மூன்றையும் இடைத்தரகரிடம் எதிர்பார்ப்பது வீண். எனவே 1850களிலேயே நிறுவனம் விற்ற உரிமைகளைத் திரும்ப வாங்கிச் சொந்தக் கிளைகளைத் திறக்கத் தொடங்கியது. அங்கே பெண் ஒருவர் தைத்துக் காட்டுவார். பழுது பார்க்க மெக்கானிக் இருப்பார். பெண்களால் இயந்திரத்தை ஓட்ட முடியாது என்று நினைத்த காலத்தில், ஒரு பெண் ஓட்டிக் காட்டியதை விட நல்ல விளம்பரம் ஏது?

சிங்கரின் கூட்டாளியான வழக்கறிஞர் எட்வர்டு கிளார்க் 1856இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். சிறு முன்பணம் கட்டினால் இயந்திரம் வீட்டுக்கு வரும். மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம். கட்டத் தவறினால் இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். ஏழை வீட்டுக்கு அது பேரிழப்பு. இம்முறையின் கடுமையான பக்கம் அது. நாளடைவில் வீடு வீடாகச் சென்று விற்பவரும் தவணை வசூலிப்பவரும் நிறுவனத்தின் முதுகெலும்பாயினர். வேறெந்தக் கண்டுபிடிப்பையும் விட இந்த ஆட்படைதான் சிங்கரை வளர்த்தது.

1867இல் கிளாஸ்கோவில் உற்பத்தி தொடங்கியது. 1885இல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் மாபெரும் ஆலை எழுந்தது. சரக்கு வேண்டுமளவு வந்தது. அதைக் கொண்டு சேர்க்கும் கிளைகளும் நாடு நாடாகப் பரவின.

சிங்கர் 1877இல் இலங்கைக்கு வந்தது. தையல் இயந்திரத்துக்காக அமைந்த அந்தக் கடைகளில் பின்னாளில் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் தவணைக்குக் கிடைத்தன.