காசிப் பட்டில் பூத்த பொற்பூக்கள்

நம் காலனியில் திருமணம் என்றால் காஞ்சிப் பட்டும் காசிப் பட்டும் ஒரே பெட்டியில் அமர்வது இன்று வழக்கமாகிவிட்டது. காஞ்சிப் பட்டைப் பற்றி நம் பெண்மணிகளுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காசிப் பட்டின் கதையோ நம்மவர் அத்துணை அறிந்ததன்று.

பௌத்தரின் பாலி நூல்களே காசித் துணியைப் புகழ்கின்றன. எனினும் பொற்பூ நெய்த ‘கின்காப்’ பெரும்புகழ் எய்தியது முகலாயர் காலத்தில்தான். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கபீர்தாசர் வளர்ந்த ஜுலாகா என்னும் நெசவாளர் மரபினர், பின்னர் அன்சாரி எனப் பெயர் பூண்டு, இன்றும் மதன்புரா முதலிய பகுதிகளில் தறியோடு வாழ்கின்றனர். விசுவநாதர் நகரில் மணமகள் உடுக்கும் பட்டைப் பெரும்பாலும் முஸ்லிம் நெசவாளரே நெய்கின்றனர்.

அப்பூ துணியில் எவ்வாறு மலர்கிறது? ‘நக்ஷபந்த்’ எனப்படும் கலைஞர் தாளில் வரைந்த உருவத்தை நூலாலேயே சிறு மாதிரியாகக் கட்டுவார். அதற்கு ‘நக்ஷா’ என்று பெயர். அதனைத் தறிக் கயிறுகளோடு பிணைத்து, உதவியாள் ஒருவர் முறைப்படி இழுக்க, எழவேண்டிய பாவு நூல்கள் மட்டும் எழும். 20ஆம் நூற்றாண்டில் ஜக்கார்டு கருவி பரவியபின் துளையிட்ட அட்டைகள் அவ்வேலையை ஏற்றன.

ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனிச் சிறு தார் கொண்டு நெய்வது ‘கடுவா’ முறை. பூக்களுக்கிடையே பின்புறத்தில் நூல் ஓடாது. மற்றொரு முறையில் சரிகை கரைமுதல் கரைவரை ஓடும். பின்னர் மிகை நூலை வெட்டுவர். ஆகவே கடையில் சேலையின் முகத்தைவிட முதுகைப் பார்ப்பதே அறிவுடைமை. 2009இல் இப்பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பொன் என்கிறோமே, அதில் பொன் மிகச் சிறிதே. பொன் முலாம் பெற்ற வெள்ளி இழையைத் தட்டையாக்கிப் பட்டு நூல்மேல் சுற்றியதே உயர்ந்த சரிகை. (சூரத்துச் சரிகை காஞ்சித் தறிகளுக்கும் செல்வதால், பெட்டியிலுள்ள இரு பட்டும் ஒருவகையில் உறவினரே!) அவ்வெள்ளியே இச்சேலைகளுக்குக் கூற்றாகவும் முடிகிறது. பழஞ்சரிகை வாங்குவோர் எடைபோட்டுப் பணம் கொடுப்பர். பின்னர்ச் சேலையை எரித்து வெள்ளியைப் பிரிப்பர். என் பெரியம்மா காசி யாத்திரையில் வாங்கிய ஊதாப் பட்டு அவ்வாறே போயிற்று. அதன் முந்தானையில் யானைமேல் வேடனும், ஓடும் மான்களும் இருந்தன. கிடைத்த பணத்தில் ஒரு மின்விசிறி வாங்கினோம். மான்கள் போனது போனதுதான்.

உங்கள் பெட்டியில் அத்தகைய பட்டு இருப்பின் வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில திங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றுங்கள்; ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை முறியும். அத்தரும் அந்துருண்டையும் சரிகையில் படலாகாது. பிளாஸ்டிக் உறை வேண்டா; ஈரம் தங்கிச் சரிகை கறுக்கும். நைந்துபோன பட்டாயினும் எடைக்குப் போடாதீர்கள், முந்தானையையேனும் காப்பாற்றுங்கள். பழஞ்சேலையை எதிரில் விரித்து வைத்து, மறைந்த பூவை மீண்டும் நெய்யும் நெசவாளர் காசியில் இன்றும் உளர்.