ஆல்பியன் பஸ்ஸும் உதிரி பாகங்களும்

1932 ஜூனில் நிஜாம் அரசு ரெயில்வே 27 பஸ்களுடன் ஐதராபாத் சமஸ்தானத்தில் சாலைப் போக்குவரத்தைத் தொடங்கிற்று. அவற்றுள் ஆல்பியன் வண்டிகள் ஸ்காத்லாந்தில் செய்யப்பெற்றவை. பல்சக்கரம் ஒன்று உடைந்தாலும் மாற்றுக்குக் கப்பலை எதிர்நோக்க வேண்டும். 1942இல் எழுந்த ஆல்வின் தொழிற்சாலை பஸ் கூடுகளை இந்நகரிலேயே கட்டித் தந்தது. இயந்திரத்தின் கதை வேறு. 1951இல் ஆல்பியனை லேலண்டு கம்பெனி வாங்கிற்று. நம் எண்ணூர்த் தொழிற்சாலைக்கு 1955இல் பெயரில் பாதியைத் தந்த அதே லேலண்டுதான்! 1972இல் ஆல்பியன் என்னும் பெயரே வண்டிகளினின்று மறைந்தது.

எனினும் 1932ஆம் ஆண்டு ஆல்பியன் ஒன்றை ஐதராபாத்தில் புதுப்பித்துக் காத்தனர். இத்தகைய வண்டிகளைப் பேணுவோர், உடைந்த பாகத்தையும் எறிந்துவிடலாகாது என்பது நம் கருத்து. அதை அளந்தே மர அச்சுச் செய்து, மணலில் வார்த்து, கடைசல் பிடிக்க இயலும். வார்த்த உலோகம் ஆறுகையில் சுருங்குமாதலால், அச்சைச் சற்றே பெரிதாகச் செதுக்குவர்.