மிகச் சிறிய நீளமும் ஒரு விஞ்ஞானியின் முடிவும்

பௌதிகவியலை நான் முறையாகக் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. எனினும் விஞ்ஞானத்தின் பின்னாலுள்ள மனிதர்களைத் தேடுவது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். அவ்வாறு தேடியபோது மனதில் நிலைத்துவிட்டவர் மத்வெய் பிரொன்ஸ்டைன்.

கதை 1899இல் பேர்லினில் ஆரம்பமாகின்றது. ஒளியின் வேகம், நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி, வெப்பக் கதிர்வீச்சு ஆய்வில் தாம் கண்ட புதிய மாறிலி ஆகியவற்றை இணைத்து, இயற்கைக்கே உரிய நீள அலகொன்றை மக்ஸ் பிளாங்க் வகுத்தார். மீற்றர் மனிதர் வைத்த அளவு. இதுவோ எக்காலத்துக்கும் எவ்வுலகத்தவருக்கும் பொதுவானது என அவர் கருதினார். அணுக்கருவின் பருமனைக் காட்டிலும் கோடானுகோடி மடங்கு சிறியது அந்த நீளம். ஆனால் அன்று அது வெறும் அலகு மட்டுமே.

1915இல் ஐன்ஸ்டீன் ஈர்ப்பை வெளியினதும் காலத்தினதும் வளைவு என விளக்கினார். அந்த வளைவை எவ்வளவு சிறிய இடத்திலும் அளக்க முடியுமா? லெனின்கிராட்டில் பணியாற்றிய பிரொன்ஸ்டைன் 1936இல் இக்கேள்வியை ஆராய்ந்தார். துல்லியமாக அளப்பதற்குச் சோதனைப் பொருளின் திணிவு கூடவேண்டும் என்பது குவாண்டம் விதி. சிற்றிடத்தில் திணிவு அளவுமீறினால் அதனிடமிருந்து ஒளிகூட வெளியேறாது என்பது ஐன்ஸ்டீனின் கோட்பாடு. இரண்டும் மோதும் இடத்தில் அளவீடே பொருளிழந்துவிடுகிறது. ஆகவே வெளி, காலம் பற்றிய எமது கருத்துக்களையே மாற்றவேண்டி வரும் என்றார் அவர்.

அடுத்த ஆண்டு, 1937 ஓகஸ்டில், ஸ்டாலினின் பொலிசார் அவரைக் கைதுசெய்தனர். 1938 பெப்ரவரி 18ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 31. சிறுவர்களுக்காக ஹீலியத்தின் கதையை எழுதியவர் அவர். மனைவியான எழுத்தாளர் லிடியா சுக்கோவ்ஸ்காயாவுக்குச் சொல்லப்பட்டதோ, “பத்து வருடச் சிறை, கடிதத் தொடர்புக்கு அனுமதியில்லை” என்பதே. இல்லாத ஒருவருக்காக அவர் அலுவலக வாசல்களில் வரிசையில் நின்றார். பதிலற்ற விண்ணப்பங்களோடு காத்திருப்போரைப் பற்றி ஆண்டுக்கணக்காக எழுதிய எம்போன்றோருக்கு அந்த வாசல்கள் புதியனவல்ல.

1957இல் பிரொன்ஸ்டைன் குற்றமற்றவரென அரசு ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஜோன் வீலர் முதலியோர், பிளாங்கின் நீளத்தில் வெளியே கொந்தளிக்கும் எனச் சிந்திக்கத் தொடங்கியிருந்தனர். ஈர்ப்பையும் குவாண்டத்தையும் இணைக்கும் முடிந்த முடிபான கோட்பாடு இன்றும் கிட்டவில்லை. அதைத் தேடுவோர் அனைவரும், முப்பது வயது நிறையுமுன்பே அவர் சுட்டிக்காட்டிய எல்லையில்தான் வந்து நிற்கின்றனர்.